ஓட்டல் தோட்டத்தில் ஆறுமணிக் குருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை தொடங்கியதும் கோவை, பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், ஈரோடு பக்கமிருந்து எனக்குப் படங்கள் வரத் தொடங்கும். கைபேசியில் அவசரமாக எடுத்தவை. பாதிப் படங்களில் பறவையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அனுப்புகிறவர்களில் பலர் கல்யாணத்துக்கு வந்து ஓட்டலில் தங்கியவர்கள், அலுவல் பயணத்தில் வந்தவர்கள், அந்த ஓட்டலிலேயே வேலை பார்ப்பவர்கள். இதுவரை பறவைகளைக் கவனித்துப் பழகாதவர்கள்கூட அந்த நிறங்களைக் கண்டதும் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

தோட்டத்தில் தத்திக்கொண்டிருந்தது ஆறுமணிக் குருவிதான் என்று எப்படி உறுதிசெய்வது?

மைனாவைவிடச் சிறிய பறவை. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை அதிகம் போனால் 19 செ.மீ., எடை ஏறக்குறைய 47 முதல் 66 கிராம். உடல் உருண்டு திரண்டிருக்கும். வால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு குட்டை. கால்கள் மட்டும் உடலுக்குச் சற்று நீளமானவை, வெளிர் இளஞ்சிவப்பு நிறம்.

முதுகு பச்சை. மார்பும் வயிறும் சந்தன நிறம். அடிவயிற்றிலிருந்து வாலடி வரை குங்குமச் சிவப்பு. தொண்டை வெள்ளை. கண்ணை மறைத்தபடி அகலமான கறுப்புப் பட்டை ஒன்று பிடரிவரை ஓடும். அதற்கு மேல் மெல்லிய வெள்ளைப் புருவம். உச்சந்தலையின் நடுவிலும் ஒரு கறுப்புக் கோடு. தோளிலும் வாலுக்கு மேலேயும் பளபளக்கும் நீலம். பறந்தால் கறுத்த இறக்கைகளில் வெள்ளைத் திட்டு தெரியும். ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம்.

இத்தனை நிறத்தையும் ஒரே பார்வையில் காண்போம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மர நிழலில் பச்சை கறுத்துப்போகும், நீலம் அணைந்துவிடும். பழுப்பாக ஏதோ ஒன்று தத்துவதுதான் தெரியும். அதனால் நிறத்துக்கு முன் நடத்தையைப் பாருங்கள். இரண்டு மூன்று தத்தல், பிறகு நிமிர்ந்து அசையாத நிலை, தலையைச் சாய்த்து ஒரு பார்வை, சட்டென்று அலகால் ஒரு சருகைப் புரட்டுதல். குட்டை வால் மெதுவாக மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும். இப்படித் தரையில் மேய்ந்தால் பெரும்பாலும் அதேதான்.

பொன்னுத்தொட்டான், தோட்டக்கள்ளன் என்ற பெயர்களும் இதற்கு உண்டு. அறிவியல் பெயர் பிட்டா பிராக்கியூரா. 1766-இல் லின்னேயஸ் இதை முதலில் விவரித்தபோது காக்கைப் பேரினத்தில் சேர்த்துவிட்டார். பிற்பாடுதான் அது திருத்தப்பட்டது.

மீன்கொத்தி என்று நினைத்தோம். வேறு எவற்றோடு குழப்பம் வரலாம்?

நீலத்தைக் கண்டதும் மீன்கொத்தி என்று சொல்வது இயல்பு. ஆனால் மீன்கொத்தி தரையில் தத்தி மேயாது. வெண்மார்பு மீன்கொத்தி நீரே இல்லாத இடத்திலும் இருக்கும், ஓணானையும் பூச்சியையும் பிடிக்கும். ஆனால் கம்பியிலோ கிளையிலோ உட்கார்ந்திருந்து பாய்ந்து பிடித்துவிட்டு மறுபடி மேலே போய்விடும். நீண்டு பருத்த சிவப்பு அலகைப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. பச்சைப் பஞ்சுருட்டானும் அப்படித்தான். அது கம்பியில் அமர்ந்து காற்றில் பூச்சி பிடிக்கிற பறவை.

உண்மையான குழப்பம் செந்தலைப் பூங்குருவியோடுதான். அதுவும் நிழலை விரும்பும், அதுவும் சருகைப் புரட்டும், அதுவும் காட்டிலிருந்து தோட்டத்துக்கு வரும். அதன் தலையும் மார்பும் ஆரஞ்சு, முதுகு நீலச்சாம்பல், வெள்ளைக் கன்னத்தில் இறங்கும் இரண்டு கருங்கோடுகள். வால் நல்ல நீளம். வாலைப் பார்த்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம்.

காட்டுப் பறவை ஓட்டலுக்கு ஏன் வந்தது?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கூண்டிலிருந்து தப்பியது, காடு அழிந்ததால் ஊருக்குள் வந்துவிட்டது, வழிதவறியது என்று பல ஊகங்களும் கூடவே வரும். விஷயம் வேறு.

ஆறுமணிக் குருவி வலசை போகும் பறவை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. மழை முடிந்து அங்கே காடு வறளத் தொடங்கும்போது தெற்கே கிளம்புகிறது. குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிறது. தமிழ்நாட்டுக்கு வருவது புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும். திரும்பிப் போவது சித்திரை வாக்கில்.

பயணம் இரவில். இரவெல்லாம் பறந்துவிட்டு, பொழுது விடியும்போது கீழே எந்த மரக்கூட்டம் தென்படுகிறதோ அங்கே இறங்குகிறது. அந்த மரக்கூட்டம் ஆனைமலைக் காடாக இருக்கலாம். பொள்ளாச்சித் தென்னந்தோப்பாக இருக்கலாம். அவினாசி சாலையோரத்து ஓட்டலின் பின்புறமாகவும் இருக்கலாம். கோவை நகரத்தை மேலிருந்து பார்த்தால், கட்டடங்களுக்கு நடுவே நிழலும் ஈரமும் மிச்சமிருக்கும் இடங்கள் குறைவு. பழைய பங்களாத் தோட்டங்கள், கல்லூரி வளாகங்கள், ஓட்டல் தோட்டங்கள் ஆகியவைதான் அந்த மிச்சம். ஆகவே அங்கே இறங்குவது தற்செயலும் இல்லை, தவறும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதே நாட்களில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை. காய்ந்து இறுகிக் கிடந்த மண் இளகுகிறது; மண்புழுவும் வண்டும் புழுக்களும் மேலே வருகின்றன. களைத்து வந்த பறவைக்கு வேண்டியது இதுதான். சில பறவைகள் ஒருநாள் மேய்ந்துவிட்டு இரவில் மேலும் தெற்கே போய்விடும். இடம் பிடித்துப்போனால் சில அங்கேயே மாதக்கணக்கில் தங்கிவிடும். எது தங்கும், எது கிளம்பும் என்பதில் அந்தத் தோட்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதைத்தான் கீழே நீட்டிச் சொல்லப்போகிறேன்.

எந்த நேரத்தில் பார்க்கலாம்?

விடியற்காலையும் சாயங்காலமும். பகல் வெயிலில் புதருக்குள் ஒதுங்கிவிடும். மூடாக்குப் போட்ட மழைநாளாக இருந்தால் பத்து மணிவரைகூட மேயும்.

குரல் எப்படி இருக்கும்?

இரண்டு சுரத்தில் தெளிவான ஒரு விசில். முதல் சுரம் ஏறும், இரண்டாவது இறங்கும். விடியும் முன்னும் அந்தி சாயும்போதும், ஏறக்குறைய ஆறு மணிக்கு, ஒருமுறையோ இருமுறையோ கூப்பிடும். பக்கத்துத் தோட்டத்தில் இன்னொன்று இருந்தால் அதுவும் பதில் கொடுக்கும். பிறகு அமைதி. ஓட்டலில் அந்த நேரத்தில் ஜெனரேட்டரும் சமையலறையும் இரைந்துகொண்டிருக்கும் என்பதால் பலருக்கு அது காதில் விழுவதே இல்லை. தோட்டத்தின் கோடிக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

கைபேசியில் அதன் குரலைப் போட்டு வரவழைக்க வேண்டாம். வேறொரு பறவை தன் இடத்துக்குள் நுழைந்துவிட்டது என்று எண்ணி அது பதறி வெளியே வரும். இரவெல்லாம் பறந்து இளைத்த பறவை, மேய வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியைத் தேடுவதில் செலவழிக்கும். நல்ல படம் கிடைக்கலாம். ஆனால் அப்படிக் கிடைத்த படத்தைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

தோட்டத்தில் எந்த இடத்தில் தேடுவது?

புல்வெளியை விட்டுவிடுங்கள். மட்டமாக வெட்டிய புல், வட்டமாக நட்ட குரோட்டன்ஸ், அலங்காரப் பனை, நீச்சல் குளத்து ஓரம் எல்லாம் மனிதர் கண்ணுக்கு அழகு. ஆறுமணிக் குருவிக்கு அங்கே ஒன்றுமில்லை.

பின்புறம் போங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மதில் ஓரமாக, தோட்டக்காரர் உதிர்ந்த இலைகளைக் குவிக்கிற மூலை ஒன்று எல்லா ஓட்டலிலும் இருக்கும். மேலே மா, பலா, நாவல், புங்கன் என்று ஏதாவது நிழல். கீழே நாள்பட்ட சருகு. அடியில் மக்கிக் கறுத்த ஈர மண். குழாய்க் கசிவு இருந்தால் இன்னும் நல்லது. நான் கண்டவரை, விருந்தினருக்குக் காட்ட ஓட்டல் கூசுகிற அந்த மூலையில்தான் பறவை இருக்கும்.

அங்கே போனதும் நடமாடாதீர்கள். ஒரு மரத்தில் சாய்ந்து நில்லுங்கள், முடிந்தால் உட்கார்ந்துவிடுங்கள். முதலில் தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து சருகைக் கலைக்கும். அவை போன பிறகும் ஓரிடத்தில் சருகு தனியாக அசைந்தால் அந்த இடத்தையே பாருங்கள். சருகின் சலசலப்புதான் இந்தப் பறவையைக் காட்டிக்கொடுக்கும். கலைந்துவிட்டால் பெரும்பாலும் வெகுதூரம் பறக்காது. தாழ்வான கிளையில் ஏறி அசையாமல் நிற்கும். அந்தச் சமயத்தில் கொஞ்சம் பின்வாங்கினீர்கள் என்றால் மறுபடி இறங்கிவிடும். துரத்தினால் அன்று முழுவதும் கண்ணில் படாது.

தொலைநோக்கி இருந்தால் எட்டு மடங்கு போதும். நிழலுக்குள் பார்ப்பதால், பெரிதாகக் காட்டுவதைவிட வெளிச்சம் நன்றாக வாங்குவதே முக்கியம்.

படம் எடுக்க விரும்புகிறோம். எவ்வளவு நெருங்கலாம்?

அது மேய்வதை நிறுத்தி உங்களைப் பார்க்கிறதா? நெருங்கியது போதும். ஃபிளாஷ் வேண்டாம். மண்புழுவை வைத்து இழுக்கவும் வேண்டாம்.

அறைக் கண்ணாடியில் மோதி விழுந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

ஐப்பசியில் எனக்கு வரும் அழைப்புகளில் அவசரமானவை இவைதான். கண்ணாடியில் தெரிவது மரத்தின் பிரதிபலிப்பு. பறவை அதை மரம் என்றே எண்ணிப் பறக்கிறது. இரவில் எரியும் விளக்குகளும் வலசைப் பறவைகளைக் கட்டடத்தின் பக்கம் இழுத்துவிடும். தாழப் பறக்கும் ஆறுமணிக் குருவி முதல்மாடிக் கண்ணாடிக்கும் வரவேற்பறைக் கண்ணாடிக்கும் எளிதில் பலியாகிறது.

விழுந்த பறவை செத்துவிட்டது என்று அவசரப்பட்டு முடிவுசெய்ய வேண்டாம். பல சமயம் அதிர்ச்சியில் கண்மூடிக் கிடக்கும். முதலில் பூனை, நாய், காகம் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய துணியால் மூடி எடுத்து, காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். அடியில் ஒரு துண்டு விரித்திருக்க வேண்டும். பெட்டியை மூடி, ஆள் நடமாட்டமும் சத்தமும் இல்லாத அறையில் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். ஏசி வேண்டாம். இருட்டும் அமைதியும்தான் மருந்து.

தண்ணீர் புகட்டாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் இரக்கப்பட்டு அலகைத் திறந்து ஊற்றிவிடுகிறார். மயங்கிய பறவைக்கு அது மூச்சுக்குழலுக்குள் போகும். மோதலில் பிழைத்தது தண்ணீரில் சாகும். சோறு, ரொட்டி, பழம் எதுவும் தர வேண்டாம். அடிக்கடி பெட்டியைத் திறந்து பார்ப்பதும், கையில் வைத்துப் படம் எடுப்பதும், குழந்தைகளைத் தடவிப் பார்க்கச் சொல்வதும் அதை மேலும் பயமுறுத்தும்.

பெட்டிக்குள் அது எழுந்து அசைகிற சத்தம் கேட்டதும், கண்ணாடிக்கு எதிர்ப்பக்கமாக, புதர் உள்ள இடத்தில் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். அதுவாகவே வெளியேறும். தெளிவதற்குள் இருட்டிவிட்டால் இரவு பெட்டியிலேயே இருக்கட்டும், விடிந்ததும் விடலாம். இறக்கை தொங்கினாலோ, ரத்தம் வந்தாலோ, மறுநாளும் எழவில்லை என்றாலோ வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

பிடித்துக் கூண்டில் வளர்க்கலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

உணவு வைக்கலாமா?

வேண்டாம். அது தானியம் தின்னும் பறவை இல்லை. சிறுதீனித் தட்டு வைத்தால் மைனாவும் காகமும் அணிலும்தான் வரும். அந்தக் கூட்டத்தைப் பார்த்து இது விலகிப்போகும். அதற்கான உணவை மண் தயாரிக்கிறது. நாம் அந்த மண்ணைக் கெடுக்காமல் இருந்தால் போதும். நீர் வைக்க விரும்பினால், நிழலில், தரைமட்டத்தில், விரல் ஆழமுள்ள மண்தட்டில் வைக்கலாம்.

ஓட்டல் நிர்வாகத்திடம் நாங்கள் என்ன கேட்கலாம்?

சருகைப் பெருக்காமல் விடச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால் அது இதுதான்.

ஓட்டல்களில் தோட்டம் பெருக்குவது காலை ஆறு மணிக்கு. விருந்தினர் எழுந்து வருவதற்குள் ஓர் இலைகூடத் தரையில் இருக்கக்கூடாது என்பது உத்தரவு. ஆறுமணிக் குருவி இரவுப் பயணம் முடித்துப் பசியோடு இறங்கும் நேரமும் அதுவே. ஒரு பக்கம் சீமாறு, சில இடங்களில் இலை ஊதும் இயந்திரம். மறுபக்கம் இலைக்கடியில்தான் தன் சாப்பாடு என்று வந்த பறவை. பெருக்கிய இலையைப் பல இடங்களில் எரித்தும்விடுகிறார்கள். அதில் எரிவது அந்தப் பறவையின் ஒரு மாத உணவு.

தோட்டம் முழுவதையும் விடச் சொல்லவில்லை. முன்புறம் எப்படி வேண்டுமானாலும் மின்னட்டும். பின்புறம், மதில் ஓரமாக, பத்தடி அகலத்துக்கு ஒரு பட்டையை ஐப்பசி முதல் சித்திரை வரை தொடாமல் விட்டால் போதும். அங்கே பூச்சிமருந்து தெளிக்கக்கூடாது; கொசுவுக்குப் புகை அடிப்பதையும் அந்தப் பக்கம் தவிர்க்க வேண்டும். சருகை மூடாக்காக விட்டால் மண்ணில் ஈரம் நிற்கும், கோடையில் தண்ணீர்ச் செலவு குறையும். கொங்கு மண்ணில் வெள்ளாமை செய்கிற எவருக்கும் இது புதிய செய்தி அல்ல. தென்னைக்கு மூடாக்குப் போடுகிறவர் மகன்தான் இங்கே ஓட்டல் நடத்துகிறார். அந்தக் கணக்கை அவரிடம் எடுத்துச் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்கிறார்.

தோட்டக்காரரிடமும் நேரில் பேசுங்கள். அதிகாலையில் அங்கே இருப்பவர் அவர். மேலாளர் பார்ப்பதற்கு முன்பே அவர் பறவையைப் பார்த்திருப்பார். பெயரும் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிட்டால், அந்த மூலையைக் காப்பவர் அவராகவே இருப்பார். மேலாளர் மாறுவார். தோட்டக்காரர் பெரும்பாலும் மாறுவதில்லை.

கண்ணாடி பற்றியும் கேளுங்கள். பருந்து உருவம் ஒன்றை ஒட்டிவிட்டால் பறவை மோதாது என்று பலர் நம்புகிறார்கள். அந்த ஒன்றைச் சுற்றிக்கொண்டு மற்ற இடத்தில் மோதும். கண்ணாடியின் வெளிப்புறத்தில், இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகச் சிறு புள்ளிகளோ கோடுகளோ முழுப் பரப்பிலும் இருந்தால்தான் பயன். அது முடியாது என்றால் வலசைக் காலத்தில் திரைச்சீலையை இழுத்துவிடுவதும், நள்ளிரவுக்குப் பின் தோட்ட விளக்குகளையும் முகப்பு விளக்குகளையும் அணைப்பதும் கணிசமாக உதவும். மின்கட்டணமும் மிச்சம்.

கொங்கு நாட்டில் எந்தப் பகுதியில் வாய்ப்பு அதிகம்?

மலையடிவாரம் முழுவதும். மேட்டுப்பாளையம், கல்லாறு பக்கத்துப் பாக்குத்தோப்புகள், ஆனைகட்டி, சிறுவாணிச் சாலை, மருதமலை அடிவாரம், ஆழியாறு, சத்தியமங்கலத்துப் பவானிக் கரை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்குள் கோகோ ஊடுபயிராகப் போட்ட தோப்புகளை நான் குறிப்பாகப் பார்ப்பேன். கோகோ இலை பெரிதாகவும் ஏராளமாகவும் உதிரும், நிழலும் தாழ்ந்திருக்கும். அந்தத் தோப்புகளை ஒட்டிய தங்கும் விடுதிகளும் நல்ல இடங்கள்.

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகள் திறந்த மேய்ச்சல் நிலம்; அங்கே வேறு பறவைகள். நஞ்சராயன் குளம், வெள்ளோடு, சிங்காநல்லூர்க் குளம் எல்லாம் நீர்ப்பறவைக்குப் போக வேண்டிய இடங்கள். ஆனால் வலசைக் காலத்தில் ஈரோடு, திருப்பூர் நகரத்துக்குள்ளேயே மரமுள்ள ஒரு வளாகத்தில் இது இறங்கினாலும் வியப்படைய வேண்டாம்.

இங்கே கூடு கட்டுமா?

இங்கே குளிர்காலம் கழிக்க மட்டுமே வருகிறது. கூடு கட்டுவது வடக்கே, மழைக்காலத்தில்: தரையிலோ தாழ்ந்த கிளையிலோ சுள்ளியும் இலையும் சேர்த்து உருண்டையாக, பக்கவாட்டில் வாசல் வைத்து. நான்கைந்து முட்டைகள்.

போன வருடம் வந்ததே திரும்ப வருமா?

அதே தோட்டத்தில் அடுத்த ஐப்பசியிலும் ஒன்றைப் பார்ப்பது உண்டு. அது அதே பறவைதானா என்பதைக் காலில் வளையம் இருந்தால் ஒழியச் சொல்ல முடியாது. உங்கள் வேலை, வந்தால் இறங்குவதற்கு அந்தச் சருகு மூலை இருக்கிறதா என்று பார்ப்பது.

அதே தோட்டத்தில் வேறு எந்தக் காட்டுப் பறவைகளை எதிர்பார்க்கலாம்?

செந்தலைப் பூங்குருவியை முன்பே சொன்னேன். அரசவால் ஈப்பிடிப்பான் வரும். நாடாவைப் போல் நீண்ட வாலோடு ஆண் பறவை ஒன்று வெள்ளையாகவும் இன்னொன்று செங்காவியாகவும் இருப்பதைப் பார்த்து இரண்டு இனம் என்று எண்ண வேண்டாம். கொடிக்கால் வாலாட்டி தரையில் நடக்கும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். பழுப்பு ஈப்பிடிப்பான் ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்காரும். இவை எல்லாமே நிழலையும் பூச்சியையும் நம்பி வருகின்றன. ஆறுமணிக் குருவிக்காக விட்ட இடம் இவற்றுக்கும் உதவும்.

பார்த்ததை எங்கே பதிவுசெய்வது?

இ-பேர்ட் தளத்தில். இடம், தேதி, நேரம், எண்ணிக்கை போதும். படம் இருந்தால் சேர்க்கலாம். பறவையின் பெயர் தெரியவில்லை என்றால் மெர்லின் செயலி படத்தையும் குரலையும் வைத்துச் சொல்லும். ஆனாலும் அடையாளங்களை நீங்களும் ஒருமுறை சரிபாருங்கள். தை மாதம் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின்போது உங்கள் ஓட்டல் தோட்டத்தில் காலையில் கால் மணி நேரம் நின்று பட்டியல் போடலாம். ஐப்பசியில் வந்த பறவை தையிலும் இருக்கிறது என்றால் அது வழிப்போக்கு அல்ல, குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கியிருக்கிறது என்று தெரியவரும். காட்டுக்கு வெளியே இப்படித் தங்கும் இடங்களைப் பற்றிய குறிப்பு மதிப்புள்ளது.

பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிட்டால் பத்திரமாக இருக்குமே?

நல்லெண்ணத்தில் கேட்கிறீர்கள் என்று தெரியும், இருந்தாலும் வேண்டாம். காயமில்லாத பறவையைப் பிடிப்பதே அதற்கு ஆபத்து. வாகனத்தில் சிறுவாணிக்கோ வால்பாறைக்கோ கொண்டுபோவதற்குள் பதற்றத்திலேயே உயிர் போகலாம். மோதி விழுந்து தெளிந்த பறவையையும் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடுங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தானாக வழி கண்டு வந்த பறவைக்கு அடுத்த காடு எங்கே என்று தெரியும். களைப்பு தீர்ந்ததும் ஓர் இரவில் கிளம்பிவிடும். அதுவரை அந்தப் பக்கம் பூனையை விடாதீர்கள், சருகைப் பெருக்காதீர்கள்.